பசறை வீதிச் சுமைதாங்கி

பதுளைக்கு ரயில் வந்ததிலிருந்து பிளான்களும் ரயிலிலேயே வருகின்றன. கொழும்பில் யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து வரைகிறார். அதைச் சுருட்டித் தகரக் குழாய்க்குள் போட்டு அனுப்புகிறார். இங்கே இருப்பவர்கள் விரித்துப் பார்த்துவிட்டு, மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று தலையைச் சொறிகிறார்கள். சென்ற மாதம் நான் வேலை பார்த்த பழைய கந்தோரிலிருந்து இரண்டு இளம் பிளான்காரர்கள் என் வீடு தேடி வந்தார்கள். அலமாரியைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம், நகர மண்டபத்து முன்வெளிக்கு நான் வரைந்த பிளான். அதன் விளிம்பில் அப்போது என் மேலதிகாரியாக இருந்த பெல்டன் துரை தம் கையால் எழுதியிருந்தார்: "மேல்கல், சம்பந்தப்பட்ட பெண்மணியின் ஒப்புதல் வரும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது." யார் ஐயா அந்தப் பெண்மணி, மாகாணத்தை ஆளும் ஏஜண்டுத் துரையின் சம்சாரமா என்று கேட்டார்கள். அதை இரண்டு வார்த்தையில் சொல்ல முடியாது, எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன். எழுத உட்கார்ந்தால் மற்றதும் கூடவே வருகிறது, வரட்டும்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. திருச்சிப் பக்கத்திலிருந்து ஏழு வயதில் அப்பாவோடு வந்தேன். அப்பாவுக்குப் பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை. பதுளைப் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ் படித்தேன். நில அளவைக்காரர்களுக்குச் சங்கிலி பிடித்தது நான்கு வருஷம், அரசாங்கத் தாவரத் தோட்டம் ஒன்றில் நாற்று நட்டது இரண்டு வருஷம், மற்றவர்கள் வரைந்ததை டிரேசிங் துணியில் நகல் எடுத்தது ஐந்து வருஷம். அதோடு என் படிப்பு முடிந்தது. பிறகு பெல்டன் துரையின் கைக்கு வந்து சேர்ந்தேன்.

கட்டடம் கட்டுகிறவர்கள் வேறு. கட்டடத்துக்கும் வீதிக்கும் நடுவில் என்ன இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் வேலை. பூங்கா, ஸ்டேஷன் வாசல், வாசகசாலைக்கு முன்னால் உள்ள வெளி, இப்படி ஜனங்கள் வந்து போகிற இடமெல்லாம் எங்கள் பாடு. கேட்பவர்கள், ஓகோ, பூச்செடி வைக்கிற உத்தியோகமா என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன், விளக்கப் போனால் விடிந்துவிடும்.

பெல்டன் துரை நெட்டையான மனிதர். தோட்டத்தில் சின்னத் துரையாக இருந்தபோது கற்ற தமிழை வைத்துக்கொண்டு எல்லோரையும் 'நீ' என்பார். அவரிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. ஒரு நிலத்தை வெயிலில் ஒரு தரம், மழையில் ஒரு தரம், பனிமூட்டத்தில் ஒரு தரம் போய்ப் பார்க்காமல் பென்சிலைத் தொடக்கூடாது. பார்த்து வந்தபின், வரைய நினைப்பதை முதலில் நிலத்திலேயே தென்னங்கயிற்றாலும் முளைக்குச்சியாலும் போட்டுக் காட்டவேண்டும். கயிற்றை ஒட்டிச் சுண்ணாம்பு தூவவேண்டும். பிறகு துரை வருவார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வருகிற ஜனத்தைப்போல அந்தக் கோட்டின்மேல் நடப்பார். நடக்கும்போது பேசமாட்டார். ஓர் இடத்தில் கால் தயங்கினால் அங்கேயே குதிகாலால் ஒரு குழி போடுவார். குழி விழுந்த இடம் எல்லாம் தப்பு. ஒரு குழியும் விழாத நாளில் சட்டைப்பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்துத் தின்பார். அவர் பாராட்டு அவ்வளவுதான்.

பிளானில் கையெழுத்துப் போட்டுவிட்டாரானால் பிறகு ஒரு கல்லை அசைக்கவும் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைத் திருத்தம் கேட்கிறவன் விளிம்பில் எழுதவேண்டும். 'அழகாக இல்லை' என்பது அவருக்குக் காரணம் இல்லை. நிலத்தில் போய்க் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியதாக இருக்கவேண்டும்.

அப்புத்தளையில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே மலை விளிம்பில் சின்னதாக ஒரு பூங்கா. மூன்றாவது தடவை போகச் சோம்பல்பட்டு, பனிமூட்டத்தில் பார்த்ததாகப் பொய் சொன்னேன். நடைபாதையின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைப் பூவாக நட்டேன். வெயிலில் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. துரை பார்க்க வந்த அன்று மூட்டம் இறங்கியது. வெள்ளைக்குள் வெள்ளைப் பூ எங்கே தெரியும். துரை நேராகப் பாத்தியைத் தாண்டிப் போய் முழங்கால் மட்டும் சேற்றில் நின்றார். கோபமே படவில்லை. உள்ளேயிருந்தபடி, "நீ மூணு தரம் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரம் நானே குனிந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுச் சிவப்புப் பூ நட்டேன்.

பதுளையில் பாட்டுக் கச்சேரிக்கும் நாடகத்துக்கும் பிரசங்கத்துக்குமாக ஒரு மண்டபம் கட்டினார்கள். ஒரு பக்கம் கடைவீதி, இன்னொரு பக்கம் பசறை வீதி, நடுவில் சரிவான நிலம். அந்தச் சரிவுதான் முதன்முதலாக என் பெயர் கீழ்மூலையில் எழுதப்பட்ட பிளான். நான்கு தட்டுகளாக நிலத்தை வெட்டி, கருங்கல் படி போட்டு, மகிழமரமும் நாகமரமும் வைத்தேன். கயிறு போட்டுக் காட்டியபோது ஒரே ஒரு குழிதான் விழுந்தது.

அந்தக் குழி பசறை வீதிப் பக்கத்து மூலையில் விழுந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து ஜனங்கள் சந்தைக்கு வருகிற நாள். வெற்றிலையும் காய்கறியும் கோழிக்கூடையும் தலையில் சுமந்து வருகிற பெண்கள் அந்த மூலையில் வந்ததும் நின்றுவிடுவார்கள். தலைச்சுமையை இறக்க இன்னொருவர் கை வேண்டும். ஆள் வரும்வரை கழுத்தை அசைக்காமல் நிற்பார்கள். துரை அதைப் பார்த்துவிட்டு, "ஒங்க ஊருல இதுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார்.

எங்கள் ஊர்க் குளக்கரையில் நான் விளையாடிய இடம் ஞாபகம் வந்தது. இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு பலகைக்கல்லை ஏற்றியிருப்பார்கள். சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் அதன்மேல் சுமையைத் தள்ளிவிட்டு இளைப்பாறுவார்கள், பிறகு அப்படியே தலையில் ஏற்றிக்கொண்டு போவார்கள். சுமைதாங்கி என்று பெயர். சொன்னதும் துரை வாழைப்பழத்தை எடுத்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேசன் சவரிமுத்து பதுளையிலேயே பிறந்து வளர்ந்தவர், அந்தக் கல்லைக் கண்ணால் கண்டதில்லை. நான் வரைந்ததை அப்படியே செய்து, வெள்ளிக்கிழமை நட்டுமுடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் நாகமரக் கன்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். முதல் சுமை இறங்குவதைப் பார்க்க அவ்வளவு ஆசை. பெண்கள் வந்தார்கள், கல்லைப் பார்த்தார்கள், நின்றார்கள். ஒருத்தி சுமையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடினாள். இன்னொருத்தி 'உச்சு' கொட்டினாள். ஒருவரும் சுமையை வைக்கவில்லை. கல்லைச் சுற்றிப் போய், வழக்கம்போல ஆளுக்கு ஆள் கைகொடுத்துத் தரையில் இறக்கினார்கள். வயதான ஒரு பெண் அங்கே நின்ற சவரிமுத்துவிடம் ஏதோ விசாரித்தாள். அவர் என்னைக் கை காட்டினார். புதுசு அல்லவா, கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் வீடு திரும்பினேன்.

மறுநாள் காலை கந்தோருக்குப் போகிற வழியில், மளிகைக்கடை காதர் நானா கடையின் ஒரு கதவைச் சாத்தியிருந்தார். என்னைக் கண்டதும் இறங்கி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மனச விட்றாதீங்க தம்பி. எல்லாம் அவன் செயல்" என்றார். மண்டபத்து வாசலில் நான் வைத்த மகிழங்கன்று முந்தின வாரம் பட்டுப்போயிருந்தது. இந்த மனிதருக்கு மரம் செடி மேல் இவ்வளவு பாசமா என்று நெகிழ்ந்துபோய், "பரவாயில்ல நானா. அடுத்த வாரம் வேற ஒண்ணு கொண்டாந்திர்றேன்" என்றேன். அவர் கையை உதறிய வேகம் இன்னும் நினைவிருக்கிறது.

நான் கந்தோரில் இருந்த அதே நேரம், என் வீட்டு வாசலில் ஐந்து பெண்கள் வந்து ஒப்பாரி தொடங்கியிருக்கிறார்கள். என் மனைவி அங்கம்மாவுக்கு அப்போது எட்டாம் மாதம். சத்தம் கேட்டு அகப்பையும் கையுமாக வெளியே வந்து, யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். பிளான்கார ஐயாவின் சம்சாரம் வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டதாம், ஐயா கல் நட்டுவிட்டாராம் என்று தலையை நிமிர்த்தாமல் சொல்லியிருக்கிறார்கள். "அது நாந்தாங்க" என்றாளாம் அங்கம்மா. ஒருத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். மிச்சம் இருந்த மூன்று பேருக்கும் காப்பி போட்டுக் கொடுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

நான் மத்தியானம் சோற்றுக்குப் போனபோது அவள் சிரிக்கவில்லை. கல்லின் கதையை அவளிடம்தான் முதன்முதலாகக் கேட்டேன். பிள்ளையைச் சுமந்தபடியே செத்துப்போகிற பெண் தன் சுமையை இறக்காமலே போகிறாள். அவள் பெயரால் அந்தக் கல்லை நடுவார்கள். வழியில் போகிறவர்கள் அதன்மேல் சுமையை இறக்க இறக்க, அவளுக்கும் ஆறுதலாகும். துக்கம் ஆறாத புதுக் கல்லில் முதல் சுமையை வைக்க மட்டும் யாருக்கும் மனம் வராதாம். நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, கடல் தாண்டிப் போயே அறியாத அங்கம்மாவுக்கு இது தெரிந்திருக்கிறது. அந்தக் கல்லுக்கு அடியில் உருண்டு விளையாடிய எனக்குத் தெரியவில்லை. ஏன் நட்டார்கள் என்று ஒரு தரம் கூட நான் யாரையும் கேட்டதில்லை.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். "ஏற்கெனவே ஒண்ணு தங்கல. இப்ப எனக்குக் கல்லையும் நட்டு வெச்சிட்டு, வந்து சோறு கேக்குறீங்க."

சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன். போய்க் கடப்பாரையால் கல்லைச் சாய்த்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். துரை கையெழுத்துப் போட்ட பிளானில் இருக்கிற கல் அது. அதைக் காரணம் எழுதாமல் தொட்டால் வேலை போய்விடும், பிள்ளை பிறக்கிற நேரத்தில் வீடும் நடுத்தெருவுக்கு வந்துவிடும். கந்தோருக்குத் திரும்பிப் போய், விளிம்பில் எழுத உட்கார்ந்தேன். எட்டுத் தடவை அடித்து எழுதி, கடைசியில் இப்படி முடிந்தது: "இக்கல் வயிற்றில் பிள்ளையுடன் இறந்த பெண்ணுக்காக நடப்படுவது. அப்படி யாரும் இறக்கவில்லை. வரைந்தவனின் மனைவி எட்டு மாதக் கர்ப்பிணி, நலமாக இருக்கிறாள். ஊரார் நம்பவில்லை. மனைவி பயப்படுகிறாள்."

இங்கிலீஷில் எழுதியபோது இன்னும் கேவலமாக இருந்தது. துரை இரண்டு தரம் படித்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "வா, நெலத்துல பாக்கணும்" என்றார்.

முதலில் மண்டபத்துக்குப் போனோம். கல்லடியில் யாரோ ஒரு கைப்பிடி பூவும் வெற்றிலையும் வைத்திருந்தார்கள். துரை குனிந்து பார்த்துவிட்டு, மிதிக்காமல் சுற்றி வந்தார். காரணத்தில் பாதி சரிபார்த்தாயிற்று, மறுபாதி வீட்டில் இருக்கிறது என்று கிளம்பினார். அதற்கு முன் எந்தத் துரையும் எங்கள் படி ஏறியதில்லை.

அங்கம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். துரை தொப்பியைக் கழற்றினார். அவள் வயிற்றைப் பார்க்காமல் வாசல் மண்ணையே பார்த்துக்கொண்டு, தப்பு செய்தது நாங்கள் இரண்டு ஆண்கள், யாரையும் விசாரிக்காமல் செய்துவிட்டோம் என்று தம் தோட்டத் தமிழில் சொன்னார். பிறகு, "கல்லு எடுக்கவா, வெக்கவா? நீ சொல்லு" என்றார்.

எடுத்துவிடுங்கள் என்று சொல்வாள் என்றே நான் நின்றேன்.

"சொமையோட வர்றவங்களுக்குக் கல்லு வேணுந்தான் தொரை" என்றாள். "இப்பைக்கு மேல்கல்ல மட்டும் எறக்கிப் போடுங்க. நான் பெத்து எந்திரிச்சு வந்து சொல்றேன்."

துரை தலையாட்டினார். கந்தோருக்குத் திரும்பியதும் அந்த இளைஞர்கள் படித்த வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்து வராவிட்டால் என்ன செய்வது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சவரிமுத்து ஆறு பேரை வைத்து மேல்கல்லை இறக்கிப் புல்லில் கிடத்தி, சாக்கைப் போர்த்தினார். மண்டபத் திறப்புவிழா நெருங்கிவிட்டது. விழாவன்று வாழைமரமும் தோரணமும் பாண்டு வாத்தியமுமாக நாலு தட்டிலும் ஜனம். பசறை வீதி மூலையில் மட்டும் இரண்டு மொட்டைக்கல் நின்றன. ஏஜண்டுத் துரை அது என்னவென்று கேட்டாராம். வேலை பாக்கி இருக்கிறது, ஒரு பெண்மணியின் ஒப்புதல் வரவேண்டும் என்று பெல்டன் துரை முகத்தை அசைக்காமல் சொல்லியிருக்கிறார். ஏஜண்டுத் துரை, தம் சம்சாரமாக இருக்குமோ என்று பயந்து மேற்கொண்டு கேட்கவில்லை.

வீட்டில் அங்கம்மாவுக்கு ஒரு நாள் தைரியம் வரும், ஒரு நாள் போய்விடும். தைரியம் வந்த ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு, கல்லை என்ன உயரத்துக்கு நட்டீர்கள் என்று விசாரித்தாள். என் தோள் உயரத்துக்கு என்றேன். "சொமை தூக்குறது நீங்களா?" என்று கேட்டாள். பழந்துணியைச் சுருட்டிச் சும்மாடு கட்டி, தலையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நிமிர்ந்து நின்றாள். கயிற்றைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கச் சொல்லி, எந்த இடத்தில் கல் இருந்தால் கழுத்து நோகாமல் சுமை நழுவும் என்று பார்த்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டாள். நான் நட்டதைவிட ஒரு சாண் குறைவு. அந்த முடிச்சைத்தான் சிவப்பு மையில் பிளானில் ஏற்றினேன். காரணம் என்ற இடத்தில் 'அளந்து பார்க்கப்பட்டது' என்று எழுதினேன். துரை அன்று இரண்டு பழம் தின்றார். கால்கல் இரண்டையும் சவரிமுத்து ஒரு சாண் ஆழமாக இறக்கினார்.

வலி ஒரு வியாழக்கிழமை விடியலில் எடுத்து, வெள்ளி பகல்வரை நீடித்தது. மருத்துவச்சி என்னை வாசல் பக்கமே விடவில்லை. அந்த இரண்டு நாளில் நான் எத்தனை தரம் மனதுக்குள் அந்தக் கல்லைப் பிடுங்கினேன் என்று கணக்கில்லை. மழை பெய்தது, அதுகூடத் தெரியாமல் நனைந்து நின்றிருக்கிறேன். காதர் நானா கடையை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்று குடை பிடித்தார். உள்ளேயிருந்து பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அங்கம்மாவின் குரல் கேட்டது, தண்ணீர் கேட்டாள். நான் நானாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

பெண் பிள்ளை. முப்பது நாள் கழிந்ததும் முருகன் கோவிலுக்குப் போய்விட்டு, நேராக மண்டபத்துக்குப் போகவேண்டும் என்றாள் அங்கம்மா. ஞாயிற்றுக்கிழமை என்று அவளே நாள் குறித்தாள். முதல்நாளே துரையிடம் சொல்லியிருந்தேன். அவர் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, பிளானைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, கல் பக்கத்தில் நின்றார்.

அங்கம்மா பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, கால்கல் இரண்டையும் தட்டிப் பார்த்தாள். தன் தலையோடு உயரத்தை ஒட்டிப் பார்த்தாள். பிறகு, "ஏத்துங்க" என்றாள். ஆறு பேர் மேல்கல்லைத் தூக்கி வைத்தார்கள். சவரிமுத்து ஆப்பு வைத்து அசையாமல் இறுக்கினார். அதற்குள் சந்தைக்கு வந்த பெண்கள் சுமையும் தலையுமாக எங்களைச் சூழ்ந்துவிட்டார்கள். கல்லைப் பார்த்ததும் அன்று பார்த்த அதே முகம். ஒருத்தி கையை நெஞ்சுக்குக் கொண்டுபோனாள்.

அங்கம்மா பிள்ளையை வாங்கி, தன் முந்தானையைக் கல்லின்மேல் மடித்துப் போட்டு, அதன்மேல் பிள்ளையைக் கிடத்தினாள். ஒரு கையைப் பிள்ளையின் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

"பாத்துக்கங்க. இந்தக் கல்லு எனக்காக நட்டதுன்னு சொன்னாங்கள்ல, அது நாந்தான். நான் எஞ்சொமைய எறக்கி வெச்சிட்டேன்."

பிள்ளை கொட்டாவி விட்டது. கூட்டத்தின் முன்வரிசையில் பலாக்காய்க் கூடையோடு நின்றிருந்த ஒரு வயதான பெண் அங்கம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள்.

"அப்பப் புள்ளையத் தூக்கு தாயி" என்றாள். "எனக்குக் கழுத்து வலிக்குது."